ராத்தல் 18 ஸென்ட்

பிறந்தது முதல் மாமிசத்தைத் தொட்டறியாதவன் நான். அப்படிப்பட்டவன் சில வருஷங்களுக்கு முன் ஒரு மார்ச் மாதத்துக் காலையில், நியூஜெர்ஸியில் உள்ள ஒரு பெரிய கடையின் கல்லாவுக்கு எதிரே, 12 ராத்தல் எடையுள்ள மாட்டு நெஞ்சுக்கறியைக் கைக்குழந்தையை ஏந்துவது போல இரண்டு கையாலும் ஏந்திக் கொண்டு வரிசையில் நின்றேன். குழந்தையாவது உடம்புச் சூட்டோடு இருக்கும். இது பனிக்கட்டி மாதிரி சில்லிட்டிருந்தது.

நடந்தது இதுதான். என் பெண் வீட்டுக்கு அடுத்த வீட்டில் எண்பது வயது யூத அம்மாள் ஒருத்தி இருந்தாள். தனிக்கட்டை. கார் ஓட்டுவாள், தோட்டம் கொத்துவாள், ஓயாமல் பேசுவாள். அன்று காலை ஏழரை மணிக்கு அவள் கதவைத் தட்டி, "உங்கள் அப்பாவை ஒரு மணி நேரம் கடன் கொடுக்க முடியுமா?" என்று என் பெண்ணைக் கேட்டாள். கடையில் நெஞ்சுக்கறி பாதி விலைக்குப் போட்டிருக்கிறார்களாம். ஆனால் ஆளுக்கு ஒன்றுதான் தருவார்களாம். அவளுக்கோ இரண்டு வேண்டும். பஸ்கா பண்டிகைக்குப் பிள்ளைகள், பேரன் பேத்திகள் எல்லோரும் வரப் போகிறார்கள்.

"அப்பா கறியைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக் கொள்வாரே!" என்றாள் என் பெண்.

"அவர் சாப்பிட வேண்டாம். நின்றால் போதும்" என்றாள் அந்த அம்மாள்.

நின்றேன். முன்பின் தெரியாத ஊரில் என்னை ஒரு முழு ஆளாகக் கணக்கில் எடுத்துக் கொண்ட முதல் காரியம் அது என்பதால், கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. திரும்பி வரும் வழியில் காரின் பின் ஸீட்டில் இரண்டு பொட்டலங்களும் உருண்டு கொண்டிருக்க, அவள் ஒரு கதை சொன்னாள். அந்தக் கதையின் வாலைப் பிடித்துக் கொண்டு, பிறகு நான் பல நாள் அந்த ஊர் நூல் நிலையத்தில் உட்கார்ந்து படித்தேன். வாசகர்களுக்கு இங்கே சொல்லப் போவது அந்தப் படிப்பின் விளைவு.

முதலில் நெஞ்சுக்கறி என்பது என்ன என்று சொல்லிவிடுகிறேன். மாட்டின் முன்னங்கால்களுக்கு நடுவே மார்புப் பக்கம் இருக்கும் தசை அது. மனிதனுக்கு இருப்பது போன்ற காறை எலும்பு மாட்டுக்குக் கிடையாது. ஆகவே உடம்பின் முன்பாதி பாரம் முழுவதும் தசைகளைப் பற்றிக் கொண்டுதான் நிற்கிறது. ஆயுள் முழுவதும் சுமை தாங்கிய தசை மிருதுவாக இருக்குமா? நாரும் பசையுமாக, கடித்தால் தோல் செருப்பைக் கடிப்பது போல இருக்கும். அதனால்தான் மலிவு. வசதியுள்ளவர்கள் முதுகுப் பக்கத்து மெத்தென்ற துண்டுகளை வாங்கிக் கொள்வார்கள். வசதியில்லாதவர்கள் நெஞ்சை வாங்கி, அடுப்பில் வைத்து, பொறுமையை விறகாக எரிப்பார்கள். அந்த நாரில் கொலாஜன் என்ற பொருள் இருக்கிறது. மெதுவான சூட்டில் நாலைந்து மணி நேரம் வைத்தால் அது ஜெலட்டினாக இளகிவிடுகிறது. தோல் செருப்பாக இருந்தது கரண்டி பட்டால் பிரிகிற பதத்துக்கு வந்து சேர்கிறது. அவசரப்பட்டால் காரியம் கெட்டது.

யூதர்களுக்கு இந்தத் துண்டு பழக்கமானதற்குக் காசு மட்டும் காரணம் அல்ல. வேதமும் ஒரு காரணம். யாக்கோபு இரவெல்லாம் ஒருவருடன் மல்லுக்கட்டி, தொடைச் சந்தில் அடிபட்டு நொண்டினான் என்று அவர்களுடைய ஆதியாகமத்தில் ஒரு கதை வருகிறது. அதன் நினைவாகத் தொடை நரம்பை அவர்கள் உண்பதில்லை. மாட்டின் பின்பாதியிலிருந்து அந்த நரம்பையும் விலக்கப்பட்ட கொழுப்பையும் நீக்குவது மிகவும் நுணுக்கமான வேலை. யார் மெனக்கெடுவது? பின்பாதியை மற்றவர்களுக்கு விற்றுவிட்டு, முன்பாதியைத் தாங்கள் வைத்துக் கொள்வது வழக்கமாகிவிட்டது. முன்பாதியில் மலிவானது நெஞ்சு. அதை வாங்கி வந்து அரை மணி நேரம் தண்ணீரில் ஊற வைத்து, ஒரு மணி நேரம் உப்பில் கிடத்தி, இரத்தம் வடிந்த பிறகு நன்றாகக் கழுவித்தான் அடுப்பேற்ற வேண்டும். சாஸ்திரோக்தமாக இப்படிச் செய்ததைக் 'கோஷர்' என்கிறார்கள். நம் ஊர் மடி ஆசாரக்காரர்கள் பார்த்தால், சமாசாரம் முழுவதும் பிடிக்காவிட்டாலும் அந்த நியமத்தை மட்டும் மெச்சுவார்கள்.

இனி 1902-ஆம் வருஷத்துக்குப் போகலாம்.

நியூயார்க் நகரத்தின் கீழ்க் கிழக்குப் பகுதி அப்போது ஜனங்களால் பிதுங்கிக் கொண்டிருந்தது. ருஷ்யாவிலிருந்தும் போலந்துப் பிரதேசங்களிலிருந்தும் ருமேனியாவிலிருந்தும் கப்பல் கப்பலாக வந்து இறங்கிய யூதர்கள், காற்றும் வெளிச்சமும் புகாத அடுக்கு வீடுகளில் குடியிருந்தார்கள். பெரும்பாலோர் தையல் தொழிலாளிகள். வாரம் முழுவதும் ரொட்டியும் உப்பு மீனும் உருளைக்கிழங்கும். வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்தால் சப்பாத் என்ற ஓய்வு நாள் பிறக்கும். அன்று மேஜையில் இறைச்சி இல்லாவிட்டால் அது வீடா? தீபாவளிக்கு எண்ணெய் வாங்க வழியில்லாத வீட்டுத் தலைவியின் மனத்தை நினைத்துக் கொள்ளுங்கள். அதுவும் வாரா வாரம்!

அந்த மே மாதத் தொடக்கத்தில் கோஷர் இறைச்சியின் விலை ராத்தல் 12 ஸென்ட்டிலிருந்து 18 ஸென்ட்டுக்கு ஏறியது. ராத்தல் என்பது 450 கிராமுக்குச் சற்று மேல். ஐந்து ராத்தல் வாங்குகிற குடும்பத்துக்கு 60 ஸென்ட் செலவு 90 ஸென்ட் ஆயிற்று. எழுதும்போது சில்லறை விஷயமாகத் தோன்றுகிறது. ஒவ்வொரு ஸென்ட்டையும் முந்தானையில் முடிந்து வைக்கிறவளுக்கு அது சில்லறை அல்ல.

ஏற்றியவர் யார்? தெருக்கோடியில் கத்தி தீட்டிக் கொண்டிருந்த கசாப்புக் கடைக்காரர் அல்ல. சிகாகோவில் ஸ்விஃப்ட், ஆர்மர், மாரிஸ் என்று பெரும் முதலாளிகள் இருந்தார்கள். பனிக்கட்டி வைத்த ரயில் பெட்டிகள் 1870-களின் பிற்பகுதியில் வழக்கத்துக்கு வந்த பிறகு, சிகாகோவில் வெட்டிய மாட்டை நியூயார்க்கில் விற்கிற வித்தையால் வளர்ந்தவர்கள். ஒருவரோடு ஒருவர் போட்டியிடுவதாகப் பெயர். உள்ளே விலையைப் பேசி வைத்துக் கொள்வார்கள். ஜனங்கள் இந்தக் கூட்டை 'மாட்டிறைச்சி டிரஸ்ட்' என்று அழைத்தார்கள். கோஷர் இறைச்சியை வெட்டி 72 மணி நேரத்துக்குள் நனைத்தாக வேண்டும் என்ற விதி இருப்பதால், அதற்கு மட்டும் மாடுகளை உயிரோடு நியூயார்க்குக்குக் கொண்டு வந்து அங்கேயே வெட்டினார்கள். அப்படியாவது டிரஸ்டின் பிடியிலிருந்து தப்பலாமோ என்றால், அந்த வியாபாரத்திலும் அவர்கள் கை நுழைந்திருந்தது.

சின்னக் கடைக்காரர்கள் முதலில் தாங்களே வேலைநிறுத்தம் செய்து பார்த்தார்கள். மொத்த வியாபாரிகளிடம் வாங்க மாட்டோம் என்று சில நாட்கள் கடைகளை மூடினார்கள். பிறகு ஏதோ சமரசம் என்று திறந்தார்கள். திறந்த கடையில் விலைப் பலகை மாறவில்லை! அதைப் பார்த்ததும் பெண்களுக்குப் பற்றிக் கொண்டு வந்துவிட்டது. தையல் தொழிலாளி ஒருவரின் மனைவியான ஃபானி லெவி, சிறிய உணவுக் கடை நடத்திய ஸாரா எடெல்ஸன் முதலியவர்கள், ஆண்கள் செய்த வேலைநிறுத்தத்தின் லட்சணம் தெரிந்துவிட்டது, இனி நாம் செய்து காட்டுவோம் என்று கிளம்பினார்கள். மே 14-ஆம் தேதி வீடு வீடாகப் படியேறினார்கள். அடுக்கு வீட்டில் ஒரு சௌகரியம் உண்டு. ஒரு மாடிப்படியில் ஏறினால் இருபது குடும்பத்தைப் பார்த்துவிடலாம்.

மறுநாள், மே 15, வியாழக்கிழமை. வெள்ளி இரவுச் சமையலுக்கு இறைச்சி வாங்குகிற நாள். பெண்கள் ஐந்து ஐந்து பேராகக் கசாப்புக் கடை வாசல்களில் நின்று கொண்டு, வாங்க வருகிறவர்களைத் தடுத்தார்கள். மீறி வாங்கியவர்கள் கையிலிருந்து பொட்டலத்தைப் பிடுங்கித் தெருவில் எறிந்தார்கள். சில இடங்களில் கடைக்குள் புகுந்து தொங்கிய இறைச்சியை இழுத்துப் போட்டு மண்ணெண்ணெயை ஊற்றினார்கள். ஜன்னல்கள் உடைந்தன. தெருக்களில் 20,000 பேர் கூடினார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. போலீஸார் தடியோடு வந்தார்கள். அவர்கள் முகத்தில் ஈர இறைச்சித் துண்டுகள் வந்து அறைந்தன. இரவு பத்து மணிக்குள் 85 பேரைக் கைது செய்தார்கள். அவர்களில் 70 பேர் பெண்கள்.

இவர்கள் பொழுது போகாத வம்புக்காரிகள் அல்ல. கைதானவர்களையும் முன்னின்றவர்களையும் பற்றிப் பிற்காலத்தில் ஆராய்ந்தவர்கள், பலரும் நாற்பதை ஒட்டிய வயதுள்ள குடும்ப ஸ்திரீகள், நாலைந்து பிள்ளை பெற்றவர்கள் என்று கண்டிருக்கிறார்கள். பிள்ளையை அண்டை வீட்டில் விட்டுவிட்டுப் போலீஸ் வண்டியில் ஏறியவர்கள்! கடையை உடைத்ததையும், ஏதோ நோயாளிக்கென்று வாங்கிப் போனவளின் பொட்டலத்தைக்கூடப் பிடுங்கியதையும் நான் நியாயம் என்று சொல்ல மாட்டேன். அந்தக் கடைக்காரரும் ஏழைதான். அவர் ஜன்னல் கண்ணாடிக்கு யார் ஈடு கொடுப்பது? ஆனால் சிகாகோ முதலாளியின் ஜன்னல் அவர்கள் கல்லுக்கு எட்டாத தூரத்தில் இருந்தது.

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் சனிக்கிழமை நடந்தது. மே 17, சப்பாத். ஆண்கள் ஜபாலயத்தில் கூடி, வேதச் சுருளைத் திறந்து வாசிக்கிறார்கள். பெண்களுக்கு மாடத்தில் தனி இடம். யாருக்காவது அநீதி நேர்ந்தால் வேத வாசிப்பை நிறுத்தி முறையிடலாம் என்று யூதர்களிடையே புராதனமான உரிமை ஒன்று உண்டு. அதைப் பயன்படுத்துவது பெரும்பாலும் ஆண்கள். அன்று பெண்கள் நேராக ஆண்கள் பகுதிக்கே வந்து, வாசிப்பை நிறுத்தி, 'உங்கள் மனைவிமார் இறைச்சி வாங்காமல் பார்த்துக் கொள்ளுங்கள், நீங்களும் சாப்பிடாதீர்கள்' என்று முறையிட்டார்கள். சிலர் முகம் சிவந்தார்கள். சிலர் தலையாட்டினார்கள். சாஸ்திரத்தில் இருந்த ஒரு சின்னச் சந்தைக் கண்டுபிடித்து அதன் வழியே நுழைந்த சாமர்த்தியத்தை நினைத்தால் எனக்கு இன்னமும் சிரிப்பு வருகிறது. சட்டம் படித்தவர்களுக்குக்கூட அவ்வளவு சுலபமாகத் தோன்றாது.

பிறகு மாதர் சங்கம் ஒன்று டிரஸ்டை எதிர்ப்பதற்கென்றே ஏற்பட்டது. கரோலின் ஷாட்ஸ்பெர்க் என்பவள் அதற்குத் தலைவி. அபராதம் கட்டவும் ஜாமீன் எடுக்கவும் வீடு வீடாகப் பணம் திரட்டினார்கள். புரூக்ளின், ஹார்லெம், நகருக்கு வெளியே பாஸ்டன் வரையில் தீ பரவியது. பொதுவுடைமை சார்ந்த யிட்டிஷ் பத்திரிகை அவர்களைக் கொண்டாடியது. மேட்டுக்குடியினர் படிக்கும் ஆங்கிலப் பத்திரிகையோ, இங்கிலீஷ் பேசத் தெரியாத அபாயகரமான கூட்டம், தயவு தாட்சண்ணியம் இல்லாமல் அடக்க வேண்டும் என்று எழுதியது. இரண்டு வாரத்துக்குள் மதத் தலைவர்களும் ஆண்களுடைய சங்கங்களும் உள்ளே வந்து, நிர்வாகத்தைத் தாங்கள் எடுத்துக் கொண்டார்கள். இதுவும் உலகெங்கும் நடக்கிற சமாசாரந்தான். தீ மூட்டுகிறவரையில் பெண்கள். பந்தி விசாரிக்க ஆண்கள்.

ஜூன் 5-ஆம் தேதி போராட்டம் முடிந்தது. மொத்த விலை ராத்தல் 9 ஸென்ட்டுக்கு இறங்கியது. கடையில் 14 ஸென்ட். பழைய 12 வரவில்லை. நாலு ஸென்ட் குறைந்தது. இரண்டு ஸென்ட் டிரஸ்டோடு போயிற்று. அதே மே மாதத்தில் அரசாங்கமும் சிகாகோவில் முதலாளிகள் மீது வழக்குத் தொடுத்திருந்தது. அது உச்ச நீதிமன்றம் வரை நடந்து, கூட்டுச் சேர்ந்து விலை வைப்பது குற்றம் என்று 1905-இல் தீர்ப்பாயிற்று. இந்த வழக்கு மூன்று வருஷம் எடுத்தது. அந்த அம்மாள்கள் மூன்று வாரம் எடுத்தார்கள்.

பாடம் மறக்கவில்லை. அதே தெருக்களில் 1904-இலும் 1907-இலும் வீட்டு வாடகையை எதிர்த்துக் கிளம்பினார்கள். 1935-இல் டெட்ராயிட்டை ஒட்டிய ஹாம்ட்ராமிக்கில் மேரி ஸுக் என்ற போலந்து வம்சத்துப் பெண் இறைச்சி விலையை எதிர்த்து ஊரையே திரட்டி, மறு வருஷம் நகரசபை உறுப்பினராகவும் ஆனாள். 1973 ஏப்ரலில் நாடு முழுவதும் குடும்பப் பெண்கள் ஒரு வாரம் இறைச்சியைப் பகிஷ்கரித்தபோது, அதற்கு முன்னதாகவே ஜனாதிபதி நிக்ஸன் அவசரமாக உச்சவரம்பு விலை அறிவிக்க வேண்டி வந்தது.

நெஞ்சுக்கறிக்கு இன்னொரு வம்சாவளியும் உண்டு. டெக்ஸஸ் மாகாணத்தில் குடியேறிய ஜெர்மானியரும் செக்கரும் கசாப்புக் கடை வைத்தார்கள். விற்காமல் தங்கிய துண்டுகளைக் கெட்டுப் போகாமலிருக்கப் புகையில் வாட்டினார்கள். பருத்தி எடுக்க வந்த கூலிக்காரர்கள் அதைக் காகிதத்தில் வாங்கி அங்கேயே நின்று தின்றார்கள். லாக்ஹார்ட் என்ற சிற்றூரில் 1900-இல் தொடங்கிய க்ராய்ட்ஸ் கடை இன்றும் இருக்கிறது. நெஞ்சை மட்டும் தனியாக எடுத்துப் புகையிடும் வழக்கம் 1960-களுக்குப் பிறகுதான் நன்றாக வேரூன்றியது. அயோவாவில் 1960-இல் தொடங்கிய ஒரு கம்பெனி, 1967 முதல் மாட்டைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பெட்டியில் அடைத்து அனுப்ப ஆரம்பித்தது. வேண்டிய துண்டை மட்டும் வேண்டிய அளவு வாங்கலாம் என்று ஆயிற்று. மலிவானது எது என்று தேடியவர்கள் கண்ணில் நெஞ்சு பட்டது.

புகையிடுகிறவர்களிடம் ஒரு விசித்திரமான அனுபவம் உண்டு. கறியின் உள்சூடு ஏறிக் கொண்டே வந்து, 150, 160 ஃபாரன்ஹீட் அளவில் திடீரென்று மணிக்கணக்கில் அசையாமல் நின்றுவிடும். புதிதாகச் செய்கிறவர்கள் பதறிப் போய் நெருப்பை அதிகமாக்கிக் கெடுத்துவிடுவார்கள். காரணம் நம் வீட்டு மண்பானைதான்! பானையின் மேல் கசிந்த நீர் ஆவியாகிப் போகையில் உள்ளே இருக்கும் தண்ணீரைக் குளிர்விக்கிறது அல்லவா? கறியின் மேல் கசிகிற ஈரமும் அதையே செய்கிறது. ஈரம் வற்றிய பிறகுதான் சூடு மேலே ஏறும். ஏழைகளின் அந்தத் துண்டுக்காக இப்போது ஆஸ்டின் நகரத்தில் ஜனங்கள் விடியற்காலையிலிருந்து கால் கடுக்க நிற்கிறார்கள். அதைச் சமைக்கும் ஆரன் ஃபிராங்க்லின் என்பவர் 2015-இல் நாட்டின் பெரிய சமையல் விருதையே பெற்றார். விலையும் ருசிக்குப் பின்னாலேயே ஏறிவிட்டது. நம் ஊரிலும் மாட்டிறைச்சியை ஏழையின் கறி என்று வாங்கி உண்டு வந்தவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் வீட்டுக் கைப்பக்குவத்துக்கும் ஒரு நாள் இப்படி விருது வரலாம். அப்போது அவர்கள் அதை வாங்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும்.

அடுத்த வீட்டு அம்மாள் காரில் சொன்ன கதைக்கு வருகிறேன். அவளுடைய பாட்டி அந்த வியாழக்கிழமை தெருவில் இருந்தாளாம். ஒரு போலீஸ்காரன் முகத்தில் ஈரலை விட்டெறிந்தாளாம். "உண்மையா?" என்று கேட்டேன். "அந்தப் பேட்டையிலிருந்து வந்த குடும்பம் எதைக் கேட்டாலும் தங்கள் பாட்டி எறிந்ததாகத்தான் சொல்வார்கள். எல்லாருடைய பாட்டியும் எறிந்திருந்தால் போலீஸ்காரன் பிழைத்திருக்க மாட்டான்" என்றாள். சிறிது தூரம் போன பின், "ஆனால் என் பாட்டி எறியக் கூடியவள்தான்" என்றாள். பின்னால் திரும்பிப் பொட்டலங்களைப் பார்த்து, "இதைக் கண்டால் என் தலையிலும் எறிவாள். இது கோஷர் இல்லையே!" என்று சொல்லிச் சிரித்தாள்.

கடைக்காரர் ஏன் பாதி விலைக்கு விற்கிறார் என்றும் அவளே விளக்கினாள். கறியில் அவருக்கு நஷ்டம். ஆனால் கறி வாங்க வந்தவள் வெங்காயம், காரட், எண்ணெய், மேஜை விரிப்பு எல்லாம் முழு விலைக்கு வாங்கிக் கொண்டுதானே போவாள்? மார்ச் மாதம் அதற்குத் தோதான மாதம். ஐரிஷ்காரர்கள் 17-ஆம் தேதி பாட்ரிக் திருநாளுக்கு உப்பிட்ட நெஞ்சுக்கறி சமைப்பார்கள். அவர்களும் அந்த நாளில் நியூயார்க்கில் யூதர் கடையில் வாங்கிப் பழகியவர்கள் என்பார்கள். அதை அடுத்துப் பஸ்கா வரும். நான் அன்று கவனித்தேன். அவள் நெஞ்சுக்கறியைத் தவிர ஒரு துரும்பும் வாங்கவில்லை. வெங்காயம் வேறு கடையில் மலிவு என்று அங்கே போய் வாங்கினாள்.

பண்டிகைக்கு இரண்டு நாள் முன்பு அவள் சமையலறையில் நாற்காலி போட்டு என்னை உட்கார வைத்தாள். கொழுப்பை அரிந்து தள்ளினாள். வாணலியில் இரு புறமும் சிவக்க வறுத்தாள். வெங்காயத்தை மலையாக அரிந்து பரப்பி, அதன் மேல் கறியை வைத்து, பூண்டும் தக்காளியும் காரட்டும் சேர்த்து, இறுக மூடி அடுப்புக்குள் தள்ளினாள். "பலர் 1950-களில் வந்த வெங்காய சூப் பொடியைப் பிரித்துக் கொட்டுவார்கள். என் அம்மாவும் கொட்டினாள். நான் பாட்டி கட்சி" என்றாள். நாலு மணி நேரம் கழித்து வெளியே எடுத்தவள், அதைப் பரிமாறாமல் அப்படியே குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டாள். மறுநாள்தான் ருசியாம். நம் வீட்டுப் பழங்குழம்பு போல! மறுநாள் மேலே உறைந்த கொழுப்பை வழித்து எறிந்துவிட்டு, நாருக்குக் குறுக்கே மெல்லிய வில்லைகளாக அறுத்தாள். நாரின் போக்கிலேயே அறுத்தால் நாலு மணி நேர வேலையும் பாழ் என்றாள்.

அறுத்து முடித்ததும் தராசில் வைத்தாள். 12 ராத்தலில் ஏழு கூடத் தேறவில்லை. மிச்சம் கொழுப்பாகவும் சாறாகவும் போயிருந்தது. காகிதமும் பென்ஸிலும் எடுத்து, கொடுத்த பணத்தை ஏழால் வகுத்துப் பார்த்து, "திருடன்!" என்றாள் கடைக்காரரை.

எனக்கென்று தனிப் பாத்திரத்தில் உருளைக்கிழங்கு வாட்டி வைத்திருந்தாள். சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும்போது வாசல் வரையில் வந்தாள்.

"அடுத்த வியாழக்கிழமை வரையில் அந்த விலை உண்டு" என்றாள். "உங்கள் பெண்ணையும் கூட்டிக் கொண்டு வாருங்கள். மூன்று கிடைக்கும்."